376 போலீஸார் இருந்தும் ஏன் யாரும் உள்ளே போகவில்லை?

கேள்வி இதுதான்: 2022 மே 24 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், உவால்டே நகரத்தின் ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சம்பவ இடத்துக்கு வந்த போலீஸார் மொத்தம் 376 பேர். ஆனாலும் கொலையாளி இருந்த வகுப்பறைக்குள் 77 நிமிடங்களுக்கு யாரும் போகவில்லை. ஏன் போகவில்லை, பிறகு ஏன் யாருக்கும் சிறைத்தண்டனை கிடைக்கவில்லை, பொறுப்பில் இருந்தவரை ஜெயிலில் போட்டால் இனி இப்படி நடக்காதா?

"கோழைகள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் 376 பேரும் ஒரே நேரத்தில் கோழைகளாகிவிட்டார்கள் என்றால் அது தனி மனிதர்களின் குணத்தால் மட்டும் நடந்ததாக இருக்க முடியாது. யார் முடிவெடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கவில்லை. முன்பே யாருக்கும் கொடுக்காத பொறுப்பைப் பின்னால் நீதிமன்றத்தில் தேடினால் கிடைக்காது. என் பதிலின் சாரம் இவ்வளவுதான், இனி விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பள்ளியின் தாழ்வாரத்தில் நடந்தது. கொலையாளி 11:33 மணிக்கு உள்ளே நுழைந்தான். 111, 112 என்ற இரண்டு வகுப்பறைகள், நடுவே ஒரு இணைப்புக் கதவு. மூன்று நிமிடத்துக்குள் முதல் போலீஸார் கட்டடத்துக்குள் வந்துவிட்டார்கள். இதைக் கவனிக்க வேண்டும், அவர்கள் தாமதமாக வரவில்லை. கதவை நெருங்கியபோது உள்ளேயிருந்து குண்டுகள் பாய்ந்தன, இரண்டு பேருக்குச் சிராய்ப்புக் காயம் ஏற்பட்டது, பின்வாங்கினார்கள். அந்த நொடியில் அது சரி என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் விளங்கிக்கொள்ள முடியவில்லை. பின்வாங்கியவர்கள் மறுபடி முன்னேறவில்லை.

பள்ளி மாவட்டத்துக்கென்று இருந்த சிறிய போலீஸ் பிரிவின் தலைவர் பீட் ஆர்ரெடோண்டோ. அவர் ரேடியோக்களை எடுத்து வரவில்லை. கொலையாளி அறைக்குள் அடைபட்டுவிட்டான், இனி அவனோடு பேச்சுவார்த்தை நடத்தலாம் என்ற கணக்கில் இயங்கினார். சாவி தேடச் சொன்னார், வந்த சாவிகளை வேறொரு கதவில் போட்டுப் பார்த்தார். டெக்சாஸ் சட்டமன்றக் குழு பிறகு விசாரித்தபோது, வகுப்பறைக் கதவு பூட்டியே இருக்கவில்லை என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று முடிவுக்கு வந்தது. 111-ஆம் அறையின் பூட்டு சரியில்லை என்பது பள்ளியில் பலருக்கும் தெரிந்த விஷயம். கைப்பிடியைத் திருகிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

12 மணி ஆவதற்குள் குண்டைத் தடுக்கும் முதல் கேடயம் வந்துவிட்டது. துப்பாக்கிகளுக்குக் குறைவே இல்லை. 12:03-க்கு 112-ஆம் அறைக்குள்ளிருந்து ஒரு சிறுமி 911 என்ற அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். மெல்லிய குரலில் அறை எண்ணைச் சொன்னாள். திரும்பத் திரும்ப அழைத்தாள். 12:16-க்கு, எட்டு ஒன்பது பேர் இன்னும் உயிரோடு இருப்பதாகத் தகவல் போனது. போலீஸை அனுப்புங்கள் என்று கெஞ்சினாள், போலீஸோ கதவுக்கு வெளியே சில அடி தூரத்தில் நின்றிருந்தது. 12:21-க்கு உள்ளே மறுபடி நான்கு குண்டுகள் வெடித்தன. அப்போதும் யாரும் போகவில்லை. 12:50-க்குத்தான் எல்லைக் காவல் படையின் சிறப்புப் பிரிவினர் தலைமையில் ஒரு குழு நுழைந்து அவனைச் சுட்டுக் கொன்றது.

இதற்குள் பள்ளிக்கு வெளியே பெற்றோர்கள் கதறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போக முயன்ற ஒரு தாய்க்குக் கைவிலங்கு மாட்டினார்கள். விடுவித்ததும் அவர் வேலி தாண்டி ஓடிப்போய்த் தன் இரண்டு பிள்ளைகளையும் வேறு வகுப்பறைகளிலிருந்து அழைத்து வந்தார்.

"அவர்களுக்குப் பயிற்சி போதவில்லை" என்ற வாதம் இங்கே செல்லாது. இரண்டு மாதம் முன்பு, மார்ச்சில்தான் இதே ஊர் உயர்நிலைப் பள்ளியில் இதே சூழ்நிலைக்கான பயிற்சி நடந்திருந்தது. அந்தப் பயிற்சிகளின் அடிப்படையே கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு கற்றுத்தந்த பாடம்தான். 1999 ஏப்ரல் 20, கொலராடோ. அன்றைய நடைமுறைப்படி போலீஸார் பள்ளியைச் சுற்றி வளைத்துவிட்டு அதிரடிப்படைக்குக் காத்திருந்தார்கள். டேவ் சாண்டர்ஸ் என்ற ஆசிரியர் குண்டடிபட்டு ஒரு வகுப்பறையில் கிடந்தார். ஒருவர் ரத்தம் கொட்டிச் சாகிறார் என்று பலகையில் எழுதி ஜன்னலில் வைத்தார்கள். அதிரடிப்படை அவரிடம் வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு அமெரிக்கா முழுக்க விதி மாறியது: காத்திருக்காதே, முதலில் வருபவர்கள் எத்தனை பேரானாலும் உள்ளே போ, கொலையாளியை நிறுத்து, பிறகு காயம்பட்டவர்களைப் பார். ஏன் இவ்வளவு அவசரம் என்பதற்கு எஃப்.பி.ஐ. ஆய்வே சான்று. 2000 முதல் 2013 வரையிலான 160 சம்பவங்களை அது எடுத்துக்கொண்டது. எவ்வளவு நேரம் நடந்தது என்று கணக்கிட முடிந்தவை 63. அவற்றில் 44 சம்பவங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. ஆக, ஒவ்வொரு நிமிடமும் உயிர்க்கணக்கு. இந்த விதியை டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு பயிற்சி மையம்தான் நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதே டெக்சாஸில்தான் உவால்டே நடந்தது.

விதியும் தெரியும், ஆளும் உண்டு, ஆயுதமும் உண்டு. அப்புறம் எது இல்லை? கட்டளை இல்லை. 376 பேரில் எல்லைக் காவல் படையினர் 149, மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையினர் 91, நகரப் போலீஸ் 25, ஷெரிஃப் அலுவலகம் 16, பள்ளி மாவட்டப் போலீஸ் வெறும் 5 பேர், மற்றவர்கள் அக்கம்பக்கத்து அமைப்புகள். காகிதத்தில் தலைமை அந்த ஐந்து பேர் பிரிவின் தலைவருக்கு. அவரோ நான் கமாண்டராக என்னை நினைக்கவில்லை என்றார். மற்ற அமைப்புகளின் மூத்த அதிகாரிகள், அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார்கள். புதிதாக வந்த ஒவ்வொருவரும் ஏற்கனவே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார்கள். இத்தனை பேர் நிற்கிறார்களே, ஏதோ திட்டம் இருக்கும் என்று தாங்களும் நின்றார்கள். ஆள் கூடக் கூட நிலைமை மோசமானது. பத்துப் பேர் மட்டும் வந்திருந்தால் யாராவது ஒருவர் போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாஷ்வில்லை ஒப்பிட்டுப் பாருங்கள். 2023 மார்ச் 27, கவெனன்ட் பள்ளி. அங்கேயும் ஆறு பேர் இறந்தார்கள், மூன்று குழந்தைகள் உட்பட. ஆனால் வந்த போலீஸார் கதவைத் திறந்து அறை அறையாகத் தேடி, சத்தம் வந்த திசைக்கு ஓடினார்கள். முதல் அழைப்பிலிருந்து சுமார் 14 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மறுநாளே பாடி கேமரா காட்சிகளை வெளியிட்டார்கள். அந்தக் காட்சியில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை.

சரி, தண்டனை ஏன் இல்லை? பலருக்கும் அதிர்ச்சி தரும் பகுதி இதுதான். அமெரிக்க அரசியலமைப்புச் சட்டப்படி, தனி மனிதன் ஒருவனின் வன்முறையிலிருந்து உங்களைக் காப்பாற்றும் கடமை பொதுவாகப் போலீஸுக்குக் கிடையாது. 1989-இல் டிஷேனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. தந்தை தொடர்ந்து அடித்ததில் மூளை பாதிக்கப்பட்ட ஒரு சிறுவனின் வழக்கு அது. அவன் அடிபடுவது அரசு ஊழியர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 2005-இல் காசில் ராக் வழக்கு. கணவரை அண்டவிடக் கூடாது என்று நீதிமன்றத் தடையுத்தரவு வாங்கியிருந்த ஒரு தாய், மூன்று மகள்களை அவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்று இரவெல்லாம் போலீஸை அழைத்தார். அவர்கள் அசையவில்லை. மூன்று பெண்களும் கொல்லப்பட்டார்கள். தடையுத்தரவை அமல்படுத்தச் சொல்லிக் கேட்கும் அரசியலமைப்பு உரிமை அந்தத் தாய்க்கு இல்லை என்று 7-2 என்ற கணக்கில் தீர்ப்பானது. விதிவிலக்கு, ஒருவர் அரசின் காவலில் இருந்தால். பள்ளிக்கூடத்தில் இருக்கும் மாணவர்கள் அப்படிக் காவலில் இருப்பவர்கள் அல்ல என்று 2018-இல் துப்பாக்கிச்சூடு நடந்த ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளி மாணவர்கள் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளிக்குக் கட்டாயம் அனுப்ப வேண்டும், அங்கே காப்பாற்றும் கடமை மட்டும் கட்டாயமில்லை. இந்த நிலையை நான் எத்தனை முறை யோசித்தாலும் ஏற்க முடியவில்லை.

அரசியலமைப்பு வழி அடைபட்டதால் அரசு வழக்கறிஞர்கள் குற்றவியல் சட்டத்தை வளைத்துப் பயன்படுத்தப் பார்த்தார்கள். அதே பார்க்லேண்ட் பள்ளியில் 2018 பிப்ரவரி 14 அன்று 17 பேர் கொல்லப்பட்டபோது, அங்கே பாதுகாப்புக்கு இருந்த ஆயுதமேந்திய போலீஸ்காரர் ஸ்காட் பீட்டர்சன் உள்ளே போகாமல் வெளியே முக்கால் மணி நேரம் நின்றிருந்தார். குழந்தைகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்து அலட்சியம் காட்டியதாக அவர் மீது வழக்கு. எதிரொலியால் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்பது அவர் வாதம். 2023 ஜூனில் ஜூரி அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. அந்த ஷெரிஃப் துறையின் எழுதப்பட்ட விதியே, போலீஸ்காரர் உள்ளே போகலாம் என்றுதான் இருந்தது, போயே ஆக வேண்டும் என்று இல்லை. இந்த விதியை எழுதியவர், கையெழுத்திட்டவர் யாரும் கூண்டில் நிற்கவில்லை. ஷெரிஃப் ஸ்காட் இஸ்ரேலை ஆளுநர் 2019-இல் சஸ்பெண்ட் செய்தார், அது தனி.

உவால்டேயில் 2024 ஜூனில் இரண்டே இரண்டு பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது, ஆர்ரெடோண்டோ, பிறகு அவருடைய பிரிவிலிருந்த ஏட்ரியன் கொன்சாலஸ். கொன்சாலஸ் முதலில் வந்தவர்களில் ஒருவர். 29 குற்றச்சாட்டுகள், இறந்த 19 குழந்தைகளுக்கும் தப்பிய 10 பேருக்கும் ஒவ்வொன்று. 2026 ஜனவரியில் கார்பஸ் கிறிஸ்டி நகரத்தில் ஜூரி அவரை விடுவித்தது. குழந்தைகளை இழந்தவர்கள் அந்த அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள்.

ஜூரி தவறு செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். 376 பேரில் ஒருவரைத் தனியாகப் பிரித்து, இவர் அந்த நிமிடத்தில் ஓடியிருந்தால் இந்தக் குழந்தை பிழைத்திருக்கும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். கூடவே வந்த மற்றவர்கள் ஏன் இங்கே நிற்கவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்கும், ஜூரியிலும் அதே கேள்வி எழும். குற்றவியல் வழக்கு ஒரு மனிதரின் ஒரு செயலை அளக்கும் கருவி. கட்டளையே இல்லாமல் போன ஒரு ஏற்பாட்டை அது அளக்காது.

அப்படியானால் எதை அளவிட வேண்டும்? முதல் நாளிலிருந்தே வெளிவரும் உண்மையை. உவால்டேயில் இரண்டாவது பெருந்துயரம் அங்கேதான் தொடங்கியது. மறுநாள் டெக்சாஸ் ஆளுநர் கிரெக் ஆபட், போலீஸார் துப்பாக்கிச் சத்தத்தை நோக்கி ஓடி அபாரத் துணிச்சல் காட்டினார்கள், இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று சொன்னார். இரண்டு நாளில் அந்தக் கதை உடைந்தது. தனக்குத் தவறான தகவல் தரப்பட்டது என்றார். தாழ்வாரத்துக் காட்சி வெளியானது அரசால் அல்ல, ஜூலையில் பத்திரிகையாளர்கள் வெளியிட்டதால். நகர நிர்வாகம் வைத்திருந்த பதிவுகள் 2024 ஆகஸ்டில்தான் வந்தன, அதுவும் ஊடகங்கள் வழக்குப் போட்ட பிறகு. பள்ளி மாவட்டத்தின் பதிவுகள் இன்னும் ஒரு வருடம் கழித்து.

இது உவால்டேயின் தனி நோய் அல்ல. கொலம்பைன் கொலையாளிகளில் ஒருவனின் வீட்டைச் சோதனையிட 1998-லேயே போலீஸ் வாரண்ட் மனு எழுதி வைத்திருந்தது, நீதிபதியிடம் கொண்டுபோகவே இல்லை. சம்பவத்துக்குப் பிறகு அதிகாரிகள் கூடி அதை மறைத்தார்கள். வழக்குப் போட்ட பிறகு 2001-இல்தான் வெளியே வந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2020 ஏப்ரலில் ஒருவன் போலீஸ் காரைப் போலவே ஒரு காரை வைத்துக்கொண்டு சுமார் 13 மணி நேரத்தில் 22 பேரைக் கொன்றான். கார் பற்றி முதல் நாள் இரவே சாட்சிகள் சொல்லிவிட்டார்கள். கனடா போலீஸ் அதை மறுநாள் காலை பத்து மணிக்கு மேல்தான் ட்விட்டரில் போட்டது. எல்லோருடைய போனும் அலறும் அவசர எச்சரிக்கை கடைசிவரை அனுப்பப்படவில்லை. அதற்குள் தெருவில் நடந்தவர்களும் காரில் போனவர்களும் இறந்தார்கள். அரசு முதலில் ஒரு மேலோட்டமான மறுஆய்வை அறிவித்தது. குடும்பங்கள் வீதிக்கு வந்ததும் சில நாட்களில் முழுப் பொது விசாரணையாக மாற்றினார்கள். 2023-இல் வந்த அறிக்கையில் 130 பரிந்துரைகள்.

எனக்கு மிகவும் மதிப்புள்ள உதாரணம் நார்வே. 2011 ஜூலை 22 அன்று ஆஸ்லோவில் குண்டு வைத்து எட்டுப் பேரையும், பிறகு உட்டோயா தீவில் 69 பேரையும் ஒருவன் கொன்றான். அலெக்சாண்ட்ரா பெக் யோர்வ் தலைமையிலான ஆணையம் ஒரு வருடத்தில் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு விவரத்தை நான் மறப்பதில்லை. குண்டு வெடித்த சற்று நேரத்தில் ஒரு வழிப்போக்கர் போலீஸை அழைத்து, போலீஸ் உடையில் கையில் துப்பாக்கியோடு ஒருவன் ஒரு வேனில் ஏறிப் போவதைப் பார்த்தேன் என்று வண்டி எண்ணோடு சொன்னார். எடுத்தவர் அதை ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி மேலதிகாரியின் மேசையில் வைத்தார். சுமார் 20 நிமிடம் அது அங்கேயே கிடந்தது. அவன் அந்நேரம் தீவை நோக்கி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஏரிக்கரையில் அதிரடிப்படை ஏறிய ரப்பர் படகு பாரம் தாங்காமல் நின்றது, சாதாரண மக்களின் படகுகளில் ஏறித்தான் போனார்கள். கொலையாளியை இன்னும் முன்பே நிறுத்தியிருக்க முடியும் என்று ஆணையம் எழுதியது. அறிக்கை வந்த அதே வாரம் போலீஸ் தலைவர் பதவி விலகினார்.

உவால்டேயிலும் நல்ல அறிக்கைகள் வந்தன. சட்டமன்றக் குழு இரண்டு மாதத்துக்குள் எழுதியது. அமெரிக்க நீதித்துறை 2024 ஜனவரியில் கிட்டத்தட்ட 600 பக்க அறிக்கையை வெளியிட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறையைப் பின்பற்றியிருந்தால் உயிர்கள் பிழைத்திருக்கும் என்று அதை வெளியிட்ட அட்டர்னி ஜெனரல் திட்டவட்டமாகச் சொன்னார். மீட்கும்போது உயிரோடு இருந்து பிறகு இறந்தவர்கள் உண்டு. ஆனால் அறிக்கை சொன்னதற்கும் அந்தப் போலீஸாரின் வேலைக்கும் தொடர்பே ஏற்படவில்லை. ஆர்ரெடோண்டோ பணிநீக்கம் ஆனார், இன்னும் சிலர் போனார்கள், மிகப் பெரும்பாலோர் சீருடையில் தொடர்ந்தார்கள். அன்று அங்கே நின்றிருந்து மாநிலத் துறையின் விசாரணையில் இருந்த ஒரு போலீஸ்காரரை, அதே பள்ளி மாவட்டம் சில மாதங்களுக்குள் வேலைக்கு எடுத்தது. என் மகன் உள்ளே இருந்திருந்தால் நான் வெளியே நின்றிருக்க மாட்டேன் என்று அன்றைய தினமே அவர் சொன்னது கேமராவில் பதிவாகியிருந்தது. அது ஒளிபரப்பான பிறகுதான் அவரை நீக்கினார்கள்.

ஆக, உங்கள் மூன்றாவது கேள்வி: ஜெயில் போதுமா? ஒருவர் வேண்டுமென்றே பொய் சொன்னால், ஆதாரத்தை மறைத்தால், அதற்கு ஜெயில் வேண்டும். பிரிட்டனில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 97 பேர் நெரிசலில் இறந்து, போலீஸார் தங்கள் வாக்குமூலங்களை மாற்றி எழுதிய பிறகு, உண்மை சொல்வதை அதிகாரிகளின் சட்டக் கடமையாக்கும் மசோதா 2025 செப்டம்பரில்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 36 வருடம் குடும்பங்கள் போராடி வாங்கியது அது. இந்த வகைச் சட்டம் எல்லா இடத்திலும் தேவை. ஆனால் தாழ்வாரத்தில் நின்றவர்களுக்கு வேறு விளைவு வேண்டும்: உள்ளே போகும் கடமை விதியில் கட்டாயமாக இருக்க வேண்டும், மீறினால் போலீஸ் உரிமமே ரத்தாக வேண்டும், பக்கத்து ஊரில் மறுபடி சேர முடியாதபடி. இதற்கு ஜூரியும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணமும் தேவையில்லை. ஒரு மருத்துவரின் உரிமத்தை எடுக்க முடிகிறதே. பல அமைப்புகள் கூடும் இடத்தில் மூத்தவராக வருபவர், தலைமை இல்லை என்று கண்டால் தானே ஏற்க வேண்டும், ஏற்காதது ஒழுங்கீனம் என்று எழுத வேண்டும். பாடி கேமரா பதிவுகளுக்குக் கெடு தேதி வேண்டும். 2025-இல் டெக்சாஸ் உவால்டேயின் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றி, பள்ளிகளும் போலீஸும் ஆண்டுதோறும் சேர்ந்து திட்டமிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பயிற்சிக்கு அது உதவும். ஆனால் 2022-இல் பயிற்சி இருந்தது என்பதை மேலே பார்த்தோம்.

இன்னொன்று, துப்பாக்கிச் சத்தம் கேட்பதற்கு முந்தைய தோல்விகளுக்கு யாரும் கூண்டில் நிற்பதில்லை. பார்க்லேண்ட் கொலையாளி பற்றி 2018 ஜனவரி 5-இல் எஃப்.பி.ஐ.க்கு வந்த தகவல் உள்ளூர் அலுவலகத்துக்குப் போகவேயில்லை. அதற்காக அரசு பிறகு சுமார் 12.75 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனில் 2023 அக்டோபரில் 18 பேரைக் கொன்றவனிடமிருந்து முன்பே துப்பாக்கிகளை எடுக்கப் போலீஸுக்குப் போதிய காரணம் இருந்தது என்று விசாரணை ஆணையம் சொன்னது. இழப்பீடு மக்களின் வரிப்பணம். தொலைபேசியை எடுத்தவருக்கு மேலே இருந்தவருக்கு அதில் ஒரு டாலரும் செலவில்லை.

ஆர்ரெடோண்டோ விஷயத்தில் என் கருத்து: அவர் மீதான 10 குற்றச்சாட்டுகள் நிரூபணமாகுமா என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அவருக்குத் தண்டனை கிடைத்தால்கூட மீதி 375 பேரின் கோப்புகளைத் திறந்து பார்க்கும் வேலை அப்படியே இருக்கும். அந்த 91 மாநிலப் போலீஸாரில் ஒவ்வொருவரும் எந்த நிமிடம் வந்தார், என்ன கேட்டார், ஏன் நின்றார் என்பதைப் பெற்றோர்கள் இன்னும் வழக்குப் போட்டுத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.